முக்காலி சாரின் மடக்கு சைக்கிள்

திருச்சியில் சைக்கிள் கடை வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரே ஒரு பரீட்சை வைத்தால் போதும் என்பது என் கட்சி. முக்காலி சாருக்கு ஒரு சைக்கிள் விற்றுக் காட்ட வேண்டும். அதில் தேறியவர் உலகத்தில் யாருக்கும் எதையும் விற்றுவிடலாம்.

ஜங்ஷன் பக்கம் இருந்த எங்கள் இன்சூரன்ஸ் ஆபீஸில் அவர் எனக்குப் பக்கத்து சீட். நாற்காலியில் உட்கார்ந்தால் அவர் கால் தரையைத் தொடாது. அதனால் மேஜைக்கு அடியில் ஒரு சின்ன முக்காலி போட்டுப் பாதத்தை அதன்மேல் வைத்துக்கொள்வார். செக்‌ஷன் மாற்றினால் ஃபைல்கள் பியூனோடு மெதுவாக வரும். முக்காலி அவர் கையிலேயே போகும். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது, யாருக்கும் அது தேவைப்படவில்லை. பாலிசிக்காரர்கள்கூட வாசலில் நின்று, "முக்காலி சார் இருக்காருங்களா?" என்றுதான் கேட்பார்கள். "இருக்கேன், வாங்க" என்று அவரும் எழுந்து நிற்பார். எழுந்தது பாதிப் பேருக்குத் தெரியாது.

ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். மேல் கம்பி எட்டாது என்பதால் பக்கத்தில் நிற்கிறவரின் பையைப் பிடித்துக்கொள்வார். ஒருநாள் பைக்காரர் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிட்டார். பிடித்த பிடியை விடாமல் இவரும் கூடவே இறங்கி, டீக்கடை வரைக்கும் போயிருக்கிறார். அன்றைக்கு ஆபீஸுக்கு லேட். காரணம் கேட்ட மேனேஜரிடம், "பை இறங்கிடுச்சு சார், நான் என்ன பண்றது?" என்றார்.

இப்படிப்பட்டவர் ஒருநாள் மடக்கு சைக்கிள் வாங்கப் போவதாக அறிவித்தபோது ஆபீஸே சிரித்தது. நானும்தான்.

"உங்களுக்கு ஓட்டத் தெரியுமா சார்?"

"ஓட்ட நல்லாத் தெரியும் மேடம். நிறுத்தத்தான் தெரியாது."

விஷயம் இதுதான். சின்ன வயதில் அப்பாவின் பெரிய சைக்கிளில் பழகியவர். ஏறி உருண்டுவிட்டால் ராஜா. நிற்க வேண்டும் என்றால் கால் எட்டாது. சுவர், லைட் கம்பம், யாராவது கட்டிப்போட்ட எருமை, எது முதலில் வருகிறதோ அதில் போய்ச் சாய்வார். பெரியவரான பிறகும் எந்த சைக்கிளும் அவருக்கு எட்டவில்லை. அவர் விழுந்து எழுந்ததையெல்லாம் பார்த்தவர் அவருடைய அக்கா. கல்யாணமாகித் திருவெறும்பூரில் ஃபேக்டரிக்காரர் குடும்பத்துக்குப் போனவர். இப்போது சர்க்கரை அவருடைய கண்ணைத் தின்றுகொண்டிருந்தது. இருக்கிற பார்வையும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அக்கா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா மேடம். 'நீ விழாம நிக்கறத இந்தக் கண்ணு இருக்கறப்பவே ஒரு தடவை பார்த்துடணும்டா'ன்னா."

அதனால்தான் மடக்கு சைக்கிள். மடக்கி ரயிலில் ஏற்றலாம். திருவெறும்பூரில் இறங்கி விரித்து ஓட்டிப் போய், அக்கா வீட்டு வாசலில் இரண்டு காலையும் ஊன்றி ஜம்மென்று நிற்கலாம். இதைக் கேட்ட பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைகளுக்கு என்னையும் கூப்பிட்டார். "தனியா போனா பசங்க சைக்கிளைக் காட்டறாங்க மேடம். நீங்க கூட வந்தா ஒரு மரியாதை." நான் நல்ல உயரம். போன கடையிலெல்லாம் பையன்கள் என்னைப் பார்த்ததும் சீட்டை உச்சிக்கு ஏற்றி வைத்தார்கள். "நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க மேடம், குழப்பறீங்க" என்று என்னையே கடிந்துகொண்டார்.

அவர் சைக்கிள் பார்ப்பது பெண் பார்ப்பதைவிட மோசம். ஒன்று, சக்கரம் சின்னது, ஆனால் ஹேண்டில் உயரம். பிடித்தால் போலீஸிடம் சரணடைகிற திருடன்போல் கை மேலே போனது. ஒன்று, மாடிப்படியில் தூக்க முடியாத கனம். இன்னொன்றில் எல்லாம் சரி, பெல் சத்தம் "அழுமூஞ்சி"யாக இருந்ததாம். ஒரு கடைக்காரர் பொறுமை இழந்தார்.

"சார், சீட்டுல உட்கார்ந்துக்கிட்டே ரெண்டு காலும் தரையில படணும்னா, மிதிக்கறப்ப முட்டி மோவாய்ல இடிக்குங்க."

"இடிச்சா இடிக்கட்டும். எனக்கு ஓட்டறது முக்கியமில்லங்க. நிக்கறதுதான் முக்கியம்."

கடைசியில் மெயின்கார்டுகேட் பக்கம் ஒரு நீல நிற சைக்கிள் அமைந்தது. உட்கார்ந்தார். இரண்டு பாதமும் தரையில் பட்டன. நான் கைதட்டினேன். கடைக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு பில் போடப் போனார். அப்போது இவர் திடீரென்று, "இருங்க" என்று குனிந்து ஷூவைக் கழற்றினார்.

கால் அந்தரத்தில் தொங்கியது.

ஸ்ரீரங்கத்தில் கோயிலைச் சுற்றிய வீதியில் குடியிருப்பவர். அந்த வீதிகளில் செருப்புப் போட மாட்டார், பெருமாள் நடமாடுகிற இடம் என்பார். சைக்கிளையும் அங்கே வெறுங்காலோடுதான் ஓட்டியாக வேண்டும். ஆபீஸ் ஷூவைப் பையில் கொண்டுவந்து பஸ் ஏறுகிற இடத்தில்தான் மாட்டுவார். அந்த ஷூவுக்கோ தடியாகக் குதிகால் வைத்துத் தைத்திருந்தார். வருஷக்கணக்கில் போட்டுப் போட்டு, குதிகாலையும் தன் உயரத்தோடு சேர்த்தே கணக்குப் பண்ணப் பழகிவிட்டார். அத்தனை கடையிலும் பார்த்த அளவெல்லாம் ஷூவோடு பார்த்த அளவு.

"சீட்டை இன்னும் இறக்கலாமா?"

"அதுக்குக் கீழ ரோடுதான் சார் இருக்கு."

"சார், அக்கா வீட்டுக்கு ஷூ போட்டுக்கிட்டே போலாமே" என்று கெஞ்சிப் பார்த்தேன். "அது அக்காவை ஏமாத்தற மாதிரி மேடம்" என்று சொல்லிவிட்டு வெறுங்காலோடு வெளியே வந்தார். அன்றைக்கு அந்த நீல சைக்கிளை வாங்கியிருந்தால்... இப்போது நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

மறுபடி முதலிலிருந்து தேடல். தீபாவளி வந்தது, பொங்கல் வந்தது, வெயில் வந்தது. தாழ்வான சட்டமும் இன்னும் சின்னச் சக்கரமுமாக ஒன்றை வெளியூரிலிருந்து வரவழைத்தார் அதே கடைக்காரர். அது வந்து சேர்ந்த வாரம்தான் திருவெறும்பூரிலிருந்து போன் வந்தது. அக்காவுக்கு இப்போது வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டும்தான் தெரிகிறதாம்.

முக்காலி சார் அன்றைக்குச் சாயந்திரமே பணம் கட்டி சைக்கிளை எடுத்துக்கொண்டார். மறுநாள், "காட்டத்தானே வாங்கினேன், போய்க் காட்டிட்டு வரேன். நீங்களும் வாங்க மேடம்" என்றார். ரயிலில் மடக்கிய சைக்கிளை மடியோடு அணைத்து உட்கார்ந்திருந்தார். எதிர் சீட்டு அம்மா, "இது என்னங்க, தையல் மெஷினா?" என்று கேட்டார். வழக்கமாக இருந்தால் அரைமணி நேரம் விளக்கியிருப்பார். அன்றைக்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

"ஷூவை முதல் கடையிலயே கழட்டியிருக்கணும் மேடம். போன வருஷமே அக்கா பார்த்திருப்பா."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திருவெறும்பூரில் இறங்கி சைக்கிளை விரித்தார். நான் ஆட்டோவில் பின்னால் போனேன். அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். நல்ல உயரம், வெள்ளைத் தலை. இவர் செருப்பில்லாத காலோடு முட்டி மோவாயில் இடிக்க மிதித்துப் போய், பெல் அடித்து, பிரேக் பிடித்து, இரண்டு பாதத்தையும் தரையில் ஊன்றி நின்றார். ஒரு ஆட்டம் இல்லை, அசைவு இல்லை. அத்தனை அழகாக ஒருவர் நின்று நான் பார்த்ததில்லை.

அக்கா முருங்கை மரத்தின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கடா இருக்க?"

"இங்கதான்க்கா. நிக்கறேன்."

"நீயாவது நிக்கறதாவது! விழுந்து வைக்காதடா. இரு, நான் பிடிச்சுக்கறேன்."

கேட்டை விட்டுவிட்டு, இரண்டு கையையும் காற்றில் நீட்டித் துழாவிக்கொண்டு வந்தார்.

முக்காலி சார் ஒரு விநாடி என்னைப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது. பிறகு ஊன்றிய இரண்டு காலையும் மெல்லத் தூக்கினார். பாரம் தெரியாமல், பதமாக, அந்தக் கைகளுக்குள் சாய்ந்தார்.

"பிடிச்சுட்டேன்! பார்த்தியா, நான் மட்டும் இல்லன்னா விழுந்திருப்ப."

"ஆமாக்கா" என்றார் அவர், அக்காவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு. "இதுலயும் எனக்குக் கால் எட்டலக்கா."

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. அதை ஒரு குறையாக நான் நினைத்தது அன்றைக்கு அந்த வாசலில்தான்.