அன்டூவை அமுக்கினால் வேன் திரும்பி வருகிறது

சிரஞ்சீவி அபிராமுக்கு மட்டாஞ்சேரி மாமா வெங்கிடேஸ்வரன் அநேக ஆசீர்வாதம். இங்கே நானும் மாமி கனகாம்பாளும் சௌக்கியம், அடுப்பும் சௌக்கியம். வாட்ஸாப்பை விட்டுவிட்டுத் தபாலில் எழுதுவது எதற்கென்றால், தபால் ஒரு தடவைதான் வந்து சேரும்.

நம் சமையல் கான்ட்ராக்ட்டுக்கு நீ செய்துதந்த வெப்சைட் எப்படி ஓடுகிறது என்று பார்த்துத்தான் உன் ஃப்ரேம்வொர்க்கில் 'கமாண்ட் பேட்டர்ன்' எப்படி இருக்கவேண்டுமென்று முடிவு செய்வேன் என்றாயே, முடிவு கிடைத்துவிட்டதடா! பொத்தான் தானாக எந்த வேலையும் செய்யாது, வேலையை ஓர் உத்தரவாக எழுதி வரிசையில் போடும், அதை எடுத்து வேறொருவர் செய்வார், தவறினால் மறுபடி அனுப்பும், வேண்டாமென்றால் அன்டூ பொத்தானால் ரத்து செய்துவிடலாம் என்று நீ சொன்னபோதே எனக்குப் புல்லரித்தது.

நேற்று திருப்பூணித்துறையில் விசாலாக்ஷியின் பெண்ணுக்குக் கல்யாணம். அந்த ஊரில் நமக்கு முதல் பந்தி. அது சோபித்தால்தான் அடுத்த கல்யாணம் நம் கைக்கு வரும். காலையில் பாயசத்துக்கு 'அடைப் பிரதமன் வை' என்று அமுக்கினேன். அந்த நேரம் பார்த்து நெட் போய்வந்தது. முதல் உத்தரவு போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் உன் வெப்சைட் இன்னொரு தடவை அனுப்பியிருக்கிறது. நம் சமையற்கட்டில் வந்த உத்தரவை யார் கேள்வி கேட்கிறார்கள்? இரண்டு உருளி பிரதமன் தயார். வேனில் இடமில்லை, அதனால் இரண்டையும் பரிமாறுகிற சுடலைமணியோடு ஆட்டோவில் முன்னால் அனுப்பிவிட்டு, சாதம், சாம்பாரோடு செல்லதுரையின் வேனைப் பின்னால் வெப்சைட்டில் உத்தரவு போட்டு அனுப்பினேன். ஸ்க்ரீனில் இரண்டு பிரதமன் நிற்பது கண்ணை உறுத்திற்று. அன்டூவை அமுக்கினேன். பிரதமன் ஒன்று குறையும் என்று பார்த்தால், அது கடைசியாகப் போன உத்தரவையல்லவா ரத்து செய்கிறது! கடைசியாகப் போனது வேன். குண்டன்னூர் வரை போனவன் வாசலில் வந்து நிற்கிறான். "திரும்பி வான்னு போன்ல வந்துச்சு சாமி, வந்துட்டேன்" என்கிறான். விரட்டினேன்.

அங்கே இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. நம் பந்தியில் இலையோரத்தில் முதலில் துளிப் பாயசம் வைப்பது வழக்கமில்லையா, சுடலைமணி அந்த வழக்கத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டானாம். ஓரத்தில் வைத்தான், நடுவில் விட்டான், மறுபடி விட்டான், வேன் வருகிறவரை விட்டுக்கொண்டே இருந்தான். இரண்டாவது உருளி மட்டும் இல்லையென்றால் என் மானம் கப்பலேறியிருக்கும். சம்பந்தி வீட்டார் ஒரு வார்த்தை பேசவில்லையாம். வாய் நிறையப் பிரதமன்.

மாமியிடம் அன்டூவைப் பற்றிப் புலம்பினேன். "உப்புக் கூடின சாம்பாருக்கு ஏதுன்னா அன்டூ? இன்னும் கொஞ்சம் பருப்பைக் கரைச்சு விடலாம், அவ்வளவுதான்" என்றாள். அடடா, அபிராம், அதுதான் டிசைன்! ஒவ்வோர் உத்தரவுக்கும் ஓர் அடையாள நம்பர் கொடு, அதே நம்பர் மறுபடி வந்தால் செய்யாமல் விடட்டும். அன்டூவைத் தூக்கிவிடு, தப்பாகப் போனதற்குத் திருத்தமாகப் புது உத்தரவு போட்டால் போதும். கடிதம் கண்டதும் மாற்று. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

உனக்கும் ஸாதனாவுக்கும் வயிறும் மனசும் எப்போதும் நிறைந்திருக்கட்டும்.

மாமா,
வெங்கிடேஸ்வரன்

பி.கு.: உறையை ஒட்டியாயிற்று, அதனால் அதன் முதுகில் எழுதுகிறேன். இதை முதலில் படி. விசாலாக்ஷி கூப்பிட்டாள். அவள் நாத்தனார் வீட்டுக் கல்யாணமும் நமக்குத்தானாம். "அதே மாதிரி மொதல்ல பிரதமன் வரட்டும் மாமா, வேன் மெதுவா வந்தாப் போறும்" என்கிறாள். ஆகவே வெப்சைட்டில் எதையும் தொடாதே. உள்ளே எழுதியதைத் திரும்ப எடுக்கலாமென்றால் பசை காய்ந்துவிட்டது. எனவே புது உத்தரவு: உள்ளே இருக்கிற உத்தரவைச் செய்யாதே.