துரையின் விமானத்துக்குச் சுற்றிய சூடம்

சும்மா இருப்பதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். அது எனக்குக் கிடையாது. ஒரு காரியம் தானாக நல்லபடி நடந்துகொண்டிருந்தால் என் கை துறுதுறுக்கும். நடுவில் புகுந்து எதையாவது செய்துவைத்தால்தான் அடங்கும். அப்படிச் செய்துவைத்ததில் ஒன்றை இப்போது சொல்லப்போகிறேன். சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். எனக்கு இன்றைக்கும் வெட்கம்தான் வருகிறது.

ஐம்பதுகளின் நடுவில் லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். பிறந்தது கொட்டகலை கடைவீதியில். அப்பா தையற்காரர். எங்கள் வீட்டுக் கொல்லையில் சொந்தமாக ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. (எட்டாம் வகுப்பு வரை படித்தவள் வேறு. திமிருக்குக் கேட்கவா வேண்டும்!) வந்து பார்த்தால் தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் ஒரே ஒரு காம்பரா. அதில் என் வீட்டுக்காரர், நான், மாமியார், மூன்று கோழிகள். தண்ணீர் வேண்டுமென்றால் மலையிலிருந்து வந்து விழும் பீலிக்குப் போய் இருபது குடத்துக்குப் பின்னால் நிற்க வேண்டும். முதல் வாரமே அழுதுவிட்டேன்.

அவர் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பிட்டருக்கு உதவியாளாக இருந்தார். பெரிய பிட்டர் வேலையை விட்டுப் போகும் சமயம் அது. அந்த வேலைக்கு வருகிறவருக்குத் தனி வீடு உண்டு. வாசலில் குழாய் உண்டு. அந்தக் குழாயை நான் ஏற்கனவே போய்ப் பார்த்து, திறந்து, ஒரு கை குடித்துவிட்டும் வந்திருந்தேன்.

தோட்டத்தை நடத்திய எங்கள் வெள்ளைக்காரத் துரைக்குச் சின்ன விமானங்கள் செய்து பறக்கவிடும் பைத்தியம். அவரைப்போல இன்னும் பத்துத் துரைமார் சேர்ந்து அதற்கென்று ஒரு கிளப்பே வைத்திருந்தார்கள். ஏப்ரல் சீசனில் ஒருநாள் கிளப் மைதானத்தில் போட்டி நடக்கும். எது அதிக நேரம் ஆகாயத்தில் நிற்கிறதோ அதற்கு வெள்ளிக் கோப்பை. எங்கள் துரை செய்தவை எல்லாம் மூக்கால்தான் தரையைத் தொட்டன. கடைசியில் அவர் சீமையிலிருந்து வந்த விமான வரைபடத்தை என் வீட்டுக்காரரிடம் நீட்டினார்.

“நீ செய். நல்லாப் பறந்தா பிட்டர் வேலை உனக்கு” என்றார்.

நாலு மாதம் எங்கள் காம்பராவில் விமானம்தான் குடித்தனம் நடத்தியது. அப்பளம் கனத்தில் மரம், அதன்மேல் மெல்லிய தாள், தாளின்மேல் வார்னிஷ். கோழிகள் வெளியேற்றப்பட்டன. நான் இருமினால்கூட, “ஏ புள்ள, அங்கிட்டுப் போய் இருமு” என்பார். (கல்யாணமான புதிதில் ஒரு பெண் கேட்க விரும்புகிற வார்த்தையா இது?) ஆனாலும் குழாயை நினைத்துக்கொண்டு வெளியே போய் இருமினேன்.

போட்டி நாளன்று என்னையும் கிளப்பில் பாத்திரம் கழுவ வரச் சொல்லியிருந்தார்கள். போகிற வழியில் பிள்ளையாருக்குச் சூடம் கொளுத்தினேன். மிச்சமிருந்த ஒரு கட்டியை முந்தானையில் முடிந்துகொண்டேன். அதை அங்கேயே போட்டுவிட்டுப் போயிருக்கக் கூடாதா!

அன்றைக்கு அங்கே ‘பாபகியூ’ என்று ஒரு விருந்து. நல்ல குசினியும் மூன்று சமையற்காரர்களும் இருக்க, துரைமார் தாங்களே இடுப்பில் துணியைக் கட்டிக்கொண்டு, வெட்டவெளியில் கரி மூட்டி இறைச்சி சுட்டார்கள். வெளியே கரி, உள்ளே இரத்தம். கிளப்பின் சமையற்கார அப்பு கையைக் கட்டிக்கொண்டு அழாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாங்க இப்புடிச் சமைச்சா அன்னைக்கே பத்துச்சீட்டக் குடுத்து வெரட்டிருவாங்க தங்கச்சி” என்றார் என்னிடம்.

விமானங்களை ஒரு மரத்தடியில் நீள மேசைமேல் வரிசையாக வைத்திருந்தார்கள். எங்களுடையதைப் பார்க்கத்தான் கூட்டம். ஒரு துரைசாணி இறக்கையைத் தடவித் தடவி இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்தப் பெருமூச்சு புரிந்தது. பூனைக்கண் வேறு. போச்சுடி, குழாய் போச்சு என்று நினைத்தேன்.

இறைச்சி வெந்ததென்று யாரோ கூப்பிட, எல்லோரும் அந்தப் பக்கம் போனார்கள். என் வீட்டுக்காரர் விமானத்தின் சின்ன டாங்கியில் எண்ணெயை ஊற்றி, இறக்கையில் சிந்தியதைத் துடைத்துவிட்டு, துரையைக் கூட்டிவரப் போனார். குப்பென்று ஆஸ்பத்திரி வாசனை அடித்தது. நோய் தீர்க்கிற இடத்து வாசனைதானே, கெட்டதாகவா இருக்கப்போகிறது என்று எட்டாம் வகுப்பு மூளை சொல்லிற்று.

புது லொறி வந்தால் திருஷ்டி கழிக்காமல் யாராவது ஓட்டுவார்களா? லொறிக்கே அப்படியென்றால், ஆகாயத்தில் போகிறதற்கு? சூடத்தை எடுத்தேன். காற்றில் நெருப்புக்குச்சி நிற்கவில்லை. நேரே துரைமாரின் அடுப்புக்குப் போய், ஒரு தகரத் தட்டில் கங்கு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தேன். தட்டும் கையுமாகப் போகிற பொம்பளையை யார் என்ன கேட்கப்போகிறார்கள்? கங்கின்மேல் சூடத்தை வைத்ததும் பற்றிக்கொண்டது.

“ஊருக் கண்ணு, ஒறவுக் கண்ணு, தொரை கண்ணு, தொரைசாணி கண்ணு…” என்று வலது பக்கமாக மூன்று சுற்றுச் சுற்றினேன். பூனைக்கண்ணை மட்டும் தனியாக இரண்டு தடவை சொன்னேன். இடது பக்கம் இரண்டாவது சுற்றில் காற்று ஒரு வீச்சு வீசியது.

புஸ்!

அவ்வளவுதான். நாலு மாத வேலை நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் எரிந்தது. (அந்த ஆஸ்பத்திரி வாசனை, பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும் ஈதர் என்று பிறகுதான் தெரிந்தது.) ஒரு துரை ஓடிவந்து கையிலிருந்த கண்ணாடிக் குவளையை அப்படியே ஊற்றினார். நெருப்பு இன்னும் ஓராள் உயரம் எழும்பியது. (அவர் குடித்துக்கொண்டிருந்தது தண்ணீர் இல்லை.) அப்பு வாளியோடு வந்து சேர்ந்தபோது இயந்திரமும் இரண்டு சக்கரமும்தான் மிச்சம்.

எங்கள் துரை முகம் சிவக்க வந்து நின்றார். “யார் கொண்டுவந்தது நெருப்பு?”

தட்டு என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. உள்ளங்கை வெந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் மூச்சு வாங்க ஓடிவந்து மேசையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், பின்னால் போயிருந்த என் கைகளைப் பார்த்தார்.

“நான்தாங்க தொரை. பீடி பத்தவச்சேன்” என்றார்.

பீடிப் புகை பட்டாலே தும்முகிற மனிதர் அவர். எனக்கு வாய் இல்லையா? லயம் முழுக்கக் கேட்கிற வாய். அன்றைக்கு அது திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால் இரண்டு பேரையும் விரட்டிவிடுவார்கள், அதனால்தான் பேசவில்லை என்று பின்னால் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பச்சைப் பொய். பயந்துபோய் நின்றேன், அவ்வளவுதான்.

“மடையன்! பிட்டர் வேலை இல்லை. போ!” என்றார் துரை.

வீடு திரும்பும்போது தேயிலை மலைகளின் நடுவே பாதி தூரம் வரை என் வீட்டுக்காரர் முன்னால் நடந்தார். பிறகு திரும்பிப் பார்த்து, “கை ரொம்பச் சுட்டுருச்சா?” என்று கேட்டார். நான் ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதேன்.

“ஏங்க அப்புடிச் சொன்னீங்க?”

“நீ வந்து ஆறு மாசம் ஆகல. வந்தவ நேரம் புருசன் வேலை போச்சுன்னு ஆயுசுக்கும் பேசுவாங்க. என்னையன்னா நாலு நாள் திட்டிட்டு விட்ருவாங்க. எந்திரி புள்ள.”

நாலு நாளில் விடவில்லை. என் மாமியார் அவரை மாரியம்மன் கோயிலுக்கு இழுத்துப்போய், இனிப் பீடியைத் தொடுவதில்லை என்று சூடத்தை அணைத்துச் சத்தியம் பண்ணவைத்தார். சூடத் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது நான்தான். பிட்டர் வேலைக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்தார். நான் இன்னும் ஒன்பது வருஷம் பீலியில் நின்றேன். அந்த ஒன்பது வருஷத்தில் ஒருநாள்கூட, ‘உன்னாலதான்’ என்று அவர் வாயிலிருந்து வந்ததில்லை. ஒருநாள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பிள்ளைகள் வளர்ந்தார்கள். கதையும் வளர்ந்தது. “எங்க அப்பா ஆயுசுல ஒரே ஒரு பீடி குடிச்சாரு, தொரை பிளேன் காலி” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

கடைசி மகளின் கல்யாணப் பந்தியில் புது மாப்பிள்ளைக்கும் அதைச் சொன்னார்கள். எனக்குத் தாங்கவில்லை. பாயச வாளியைக் கீழே வைத்தேன்.

“அது அவரு இல்ல. நெருப்பு வச்சது நான். சூடம் சுத்தினேன்” என்றேன்.

மூத்த மகள் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

“பாத்தீங்களா? அப்பாவ யாராச்சும் கேலி பண்ணினா அம்மாவுக்குப் பொறுக்காது. பழியத் தன் தலையில போட்டுக்கிறாங்க!”

“பொண்டாட்டின்னா இப்புடி இருக்கணும்” என்று சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சத்தியம் பண்ணினேன். அதற்கும் கைதட்டினார்கள். அவரைப் பார்த்தேன். தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டே, “நான் பீடி குடிச்சதுதாங்க நெசம்” என்றார்.

இப்போது அந்தக் கதையோடு இதையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். சொல்லி முடித்ததும் பேரன் பேத்திகள் எல்லோரும் என்னைப் பாசத்தோடு திரும்பிப் பார்ப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அதை அடக்கம் என்கிறார்கள்.