நைஜீரியா சாரும் சாம்பார் வாளியும்

வெளிநாட்டுக்குப் போவதற்கு ஆலாய்ப் பறந்தவர்களை எனக்கு நிறையத் தெரியும். வெளிநாட்டிலிருந்து வீடு திரும்புவதற்கு அப்படிப் பாடுபட்ட மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் லாலாகுடா வாளி. ஆள் என்னவோ ஒரு காலை வேளையில் மாலையும் பெட்டியுமாக சிகந்திராபாத் ஸ்டேஷனில் வந்து இறங்கிவிட்டார். அங்கிருந்து லாலாகுடாவில் இருந்த எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு சைக்கிள் மிதித்தால் வியர்ப்பதற்குள் வந்துவிடலாம். வாளிக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் பிடித்தது.

ஒர்க்‌ஷாப்பில் அவர் ஃபிட்டர். சொந்த ஊர் அரக்கோணம் பக்கம். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளம் வாங்குகிற அன்றைக்கு மட்டும் அது வெளியே வரும். மற்ற நாளெல்லாம் வாளிதான். எங்கள் காலனியில் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எதுவானாலும் சமைப்பதற்குத்தான் வெளியாள், பரிமாறுவது நாங்கள். யார் எதைத் தூக்குவது என்பதை பெயின்ட் ஷாப் சார்ஜ்மேன் சுப்பையா அண்ணாச்சி எப்போதோ முடிவு செய்துவிட்டார். ஆபீஸ் குமாஸ்தாவான எனக்குத் தண்ணீர் ஜக். வாளிக்குச் சாம்பார் வாளி, பெயர் வந்ததும் அதனால்தான். பந்தியில் உட்காருகிறவன் விருந்தாளி, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓடுகிறவன் வீட்டு ஆள். இதை யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறியதுமில்லை.

அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர். வீட்டு ஆட்கள் எல்லாரும் அவருக்கு 'ஏலே'. மேலதிகாரிகள் மட்டும் 'சார்'.

நைஜீரியாவில் ரயில் எஞ்சின்களைப் பழுதுபார்க்க எங்கள் ஒர்க்‌ஷாப்பிலிருந்து சிலரை அனுப்பினார்கள். வாளியும் போனார். சில வருஷம் கழித்து அவர் திரும்பியபோது காலனியே ஸ்டேஷனில் நின்றது. ரயிலிலிருந்து குதித்தவர் நேராக அண்ணாச்சியிடம் ஓடி, "இன்னா அண்ணாச்சி, எளைச்சுப்பூட்டீங்க?" என்றார்.

அண்ணாச்சி கையைக் கூப்பினார். "வாங்க சார். பயணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா?"

வாளி திரும்பிப் பார்த்தார், பின்னால் எந்த அதிகாரி நிற்கிறார் என்று. யாரும் இல்லை.

அன்றிலிருந்து அவர் 'நைஜீரியா சார்'. யார் வீட்டுக்குப் போனாலும் தண்ணீரைக் காய்ச்சி, ஆறவைத்து, அதற்குள் அவருக்குத் தாகமே போன பிறகு கொடுப்பார்கள். ஒர்க்‌ஷாப் கேட்டுக்கு எதிரே இருந்த இரானி ஓட்டலில் நாங்கள் நின்றபடி ஒரு டீயை இரண்டு பேராகக் குடிப்போம். அவர் போனால் மட்டும் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, சாஸரோடு முழு டீ வரும். பங்கு போட ஒருவனும் கிடைப்பதில்லை. வாளி விடவில்லை. பாதியைக் குடித்துவிட்டு, மீதியைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலில் நிற்பார். "யோவ், மீதி டீ கீதுய்யா, வாங்கிக்கய்யா!" போகிறவர்கள் வணக்கம் சொல்லிவிட்டுப் போவார்கள்.

கேரம் போர்டில் இன்னும் மோசம். அவருடைய ஸ்ட்ரைக்கரே குழிக்குள் விழுந்தாலும், "பரவால்ல சார், இன்னொருவாட்டி அடிங்க" என்பார்கள். வாளி தானே ஒரு காயை எடுத்து நடுவில் வைத்து, "ஃபைன் கேளுய்யா! நான் தப்பு ஆடனேன்ல? கேளு!" என்று எதிராளியின் சட்டையைப் பிடித்தார். எதிராளி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

அவர் மனைவி கோமதி அக்காவுக்கு இந்த மரியாதை பிடித்திருந்தது. "நாலு பேரு மதிக்கறாங்க. உனக்கு இன்னா கேடு? கம்முனு இரேன்."

"மதிக்கறவன் எவனும் பக்கத்துல குந்த மாட்டேன்றான்டி. இதுக்கு நான் அங்கயே இருந்திருப்பேன். அங்க நான் வெளியாளுன்னு எனக்குத் தெரியும். இங்கயும் வெளியாளுன்னா நான் எந்த ஊர்க்காரன்?"

 ஊருக்குள் நுழைய ஒரே வழி சாம்பார் வாளிதான் என்று அன்றே முடிவு கட்டிவிட்டார் மனிதர்.

அவர் திரும்பியபின் வந்த முதல் கல்யாணத்துக்கு, துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு விடிந்ததும் சமையல் கொட்டகைக்குப் போய் நின்றார். அண்ணாச்சி பதறிப்போனார். "என்ன சார் இது? புகையில வந்து நிக்கியளே!" கையைப் பிடித்துக் கூட்டிப்போய் முதல் பந்தியில், மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்த்திவிட்டார். இவர் இல்லாத வருஷங்களில் சாம்பார் வாளி வெல்டர் பாபு ராவிடம் போயிருந்தது. தங்கமான தெலுங்குக்காரர், ஆனால் சோற்றில் குழி பறித்திருப்பதைப் பார்க்கவே மாட்டார். குவியலின் உச்சியில் ஊற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். சாம்பார் இலையைத் தாண்டி மடிக்கு வரும்.

"பாபு ராவ்! குழியில ஊத்துய்யா! குட்றா வாளிய!" என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார் இவர்.

"நக்கோ சார், நக்கோ! வேணாம், நீங்க பெரியவங்க, குந்துங்க."

"கைக்குய்யா நக்கோ? ஏன் வேணாம்? நேத்து வரைக்கும் எங்கிட்ட பீடி வாங்கிக் குடிச்சவன், நான் இன்னைக்குப் பெரியவனா?"

பாபு ராவ் பயபக்தியோடு அவர் சோற்றின் உச்சியில் இன்னொரு கரண்டி ஊற்றினார்.

அடுத்த வளைகாப்புக்கு, விருந்தாளியாகவே தெரியக் கூடாதென்று கிரீஸ் படிந்த காக்கிச் சட்டையோடு வந்தார். அவர் உட்கார நாற்காலியில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்தார்கள். அதற்கடுத்த காதுகுத்துக்கு முதல் நாள் சாயங்காலம், காலனிப் பாத்திர அறையிலிருந்து அந்தப் பித்தளை வாளியையே தூக்கிக்கொண்டு போய்த் தன் வீட்டுக் கட்டிலுக்கடியில் ஒளித்தார். மறுநாள் ரசம் ஊற்றுகிற தூக்கில் சாம்பார் வந்தது. ஊரெல்லாம் திருடனைத் தேடியது; இவரை மட்டும் யாரும் சந்தேகிக்கவில்லை. பொறுக்க முடியாமல் இவரே போய், "நான்தான் திருடனேன். திட்டுங்க அண்ணாச்சி" என்றார்.

அண்ணாச்சி சிரித்த முகமாக, "உங்களுக்குப் பிரியமா இருந்தா நீங்களே வச்சுக்கிடுங்க சார். நாங்க வேற வாங்கிக்கிடுதோம்" என்றார்.

அன்றைக்கு மனிதர் நொறுங்கிப் போனதை நான் பார்த்தேன். பித்தளை வாளியைக் கொண்டுவந்து பாத்திர அறையில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பேச்சுக் கொடுத்தேன். "விடமாட்டேன் தம்பி" என்றார்.

அப்புறம் என் தங்கை கல்யாணம் வந்தது. ரயில்வே இன்ஸ்டிடியூட் ஹால். குண்டக்கல்லிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் படையாக வந்திருந்தார்கள். முகூர்த்தம் முடிந்து, இலை போட்டு, எல்லாரும் உட்கார்ந்தாயிற்று. நடுவில் ஒரு இலை மட்டும் காலி. அதற்குரிய நைஜீரியா சார் வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

அப்பா ஓடினார். "சார், நீங்க உக்காந்தாத்தான் பந்தி ஆரம்பிக்க முடியும்."

"தெரியும். அதுக்குத்தான் நிக்கறேன். வாளியக் குடுங்க."

வருஷம் முழுக்க அவரைக் கட்டிப்போட்ட மரியாதையை அவர் அன்று எங்கள் பக்கம் திருப்பிவிட்டார். பெரிய மனிதர் உட்காராமல் சாதம் வைக்க முடியாது. சாதம் வைக்காமல் குண்டக்கல் சாப்பிட முடியாது. மாப்பிள்ளையின் மாமா வெறும் இலையைத் தடவிக்கொண்டே, "இங்கே என்ன, போட்டோ எடுக்கிறதுக்கு உக்கார வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.  அம்மா உள்ளே மூக்கைச் சிந்த ஆரம்பித்தாள். பாபு ராவ் சாம்பாரோடு சிலையாக நின்றார். கோமதி அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

அண்ணாச்சி வந்தார். "சார், தயவு பண்ணி உக்காருங்க சார்."

"மாட்டேன்."

"சார், மாப்பிள்ளை வீட்டுக்காரங்க..."

"வாளி."

அண்ணாச்சி ஒரு வருஷமாகச் சேர்த்துவைத்த மரியாதை மொத்தமும் ஒரே நொடியில் தீர்ந்துபோனது.

"ஏலே, கூறுகெட்ட மூதி! பொண்ணக் குடுத்த வீட்டுல வந்து மல்லுக்கட்டுதியே, உனக்கு அறிவிருக்காலே? நைஜீரியாவுக்குப் போனா பெரிய இவனாலே நீ? பாபு ராவ், அந்த வாளிய இந்த எழவெடுத்தவன் கையில குடுத்துத் தொலைலே! ஓடுலே! சோறு ஆறுது, ஓடு!"

 வாளியின் முகத்தைப் பார்த்தேன். தாலி கட்டிய மாப்பிள்ளை முகத்தில்கூட அத்தனை சந்தோஷம் இல்லை. "தோ, ஓடறேன் அண்ணாச்சி!" என்று துண்டை உதறி இடுப்பில் கட்டினார், வாளியைப் பிடுங்கினார், ஓடினார்.

சும்மா சொல்லக் கூடாது, கை பழக்கம் விட்டுப் போயிருந்தது. இரண்டாவது வரிசையிலேயே மாமாவின் பட்டு ஜிப்பாவில் ஒரு முருங்கைக்காய் ஏறியது. மாமா கத்தினார். அண்ணாச்சி அதைவிடப் பெரிதாகக் கத்தினார். ஒவ்வொரு திட்டுக்கும் வாளி இன்னும் வேகமாக ஓடினார். அண்ணாச்சியும் லேசில் விடவில்லை. ஒரு வருஷத்து பாக்கி அவருக்கும் இருந்திருக்கும் போல.

பரிமாறினவர்கள் எப்போதும் கடைசிப் பந்தி. நாங்கள் உட்கார்ந்தபோது கூட்டு இல்லை, பாயசம் இல்லை, சாம்பார் அடியோடு தீர்ந்திருந்தது. அப்பா கூசிப்போய் வந்து நின்றார். வாளி மோர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "நீ போய் சம்பந்தியக் கவனிய்யா. நம்ம வூட்டுக் கல்யாணத்துல நமக்குச் சாம்பார் மிஞ்சினா அது இன்னா கல்யாணம்?"

எதிர் இலையிலிருந்து அண்ணாச்சி, "பேசாமத் தின்னுலே" என்றார்.

என் இலையில் ஒரு அப்பளம் இருந்தது. எடுத்து அவர் இலையில் வைத்தேன். "இன்னாத்துக்குடா?" என்றார். "சும்மாத்தான்" என்றேன். சும்மா இல்லை. எனக்கு அந்த மனிதரை அவ்வளவு பிடிக்கும்.