மர்சேய் போன கடைவாய்ப்பல்

ஐம்பத்தேழாம் வருஷம் புதுச்சேரியில் பல் போனவர்களுக்குத்தான் மரியாதை.

வைத்திக்குப்பம் கடற்கரையில் ஒரு கீற்றுக்கொட்டகை. செவ்வாய்க்கிழமையானால் அதன் வாசலில் ஐந்நூறு பேர். உழவர்கரையிலிருந்து மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். கதிர்காமத்திலிருந்து நடந்தே வந்தார்கள். அத்தனை பேரும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். நானும் நின்றேன். பொய் சொல்லுவானேன்?

உள்ளே தந்தானந்த சாமி. காவி ஜிப்பா, தொளதொளவென்று கை, முன்னால் கடல்தண்ணீர் நிரப்பிய பித்தளை அண்டா. எங்கிருந்து வந்தார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் நம்முடைய பல் எங்கே போனது என்று அவருக்குத் தெரியும்!

அவர் கண்டுபிடிப்பு இதுதான். மனுஷனுக்குக் கடைசியாக முளைக்கிற கடைவாய்ப்பல்லில்தான் புத்தி குடியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் பிடுங்கிய அந்தப் பல்லையெல்லாம் பிரெஞ்சு வெள்ளைக்காரர்கள் ஊரைவிட்டுப் போகும்போது மூட்டை கட்டிக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். இன்னமும் மாதாமாதம் பார்சல் போகிறது. பிரான்சில் மர்சேய் பட்டணத்தில் எவனெவனோ நம் புத்தியை வைத்துப் பிழைக்கிறான். சாமி மந்திரம் சொன்னால் பல் கடல் வழியாக நீந்தி அண்டாவுக்குள் வந்துவிடும். பல் ஒன்றுக்கு ஐந்தேகால் ரூபாய்.

ஒரு பட்டுச்சேலை கொண்டுவந்தாலும் மூட்டையை அவிழ்த்துக் கொட்டுகிற சுங்கக்காரர்கள், இத்தனை பல்லை எப்படி விட்டார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்பதற்குப் புத்தி வேண்டும். அதுதான் மர்சேயில் இருக்கிறதே!

கோர்ட்டு குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், பிரெஞ்சு மரியாதையில் ஊரே 'முசே' என்று கூப்பிடும் கலியமூர்த்தி, திரும்பி வந்த தன் பல்லை வெள்ளிச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். அன்று முதல் எல்லாம் புரிகிறது என்றார். என்ன புரிகிறது என்று மட்டும் சொல்லமாட்டார்.

இந்தக் கூட்டத்தில்தான் என் பக்கத்து வீட்டுப் பூவாயி, மகள் ரஞ்சிதத்தை இழுத்துக்கொண்டு வந்தாள். ரஞ்சிதத்துக்குப் பத்தொன்பது வயது. டீச்சர் வேலைக்குப் போக ஒரு பரீட்சை எழுத வேண்டும். அடுத்த வாரம் வியாழக்கிழமை பரீட்சை. மூன்று மாதத்துக்கு முன் கடைவாயில் சீழ் வைத்து முகம் பூசணிக்காய் போல வீங்க, ஆஸ்பத்திரியில் பல்லை எடுத்தார்கள். வீக்கம் வடிந்தது, வலி போனது, பெண் சோறு தின்றாள். அதோடு விட்டிருக்கலாம்.

சாமி அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக் கண்ணை மூடினார்.

"பாப்பா, உன் பல்லு இன்னும் கப்பல்ல போயிட்டிருக்கு. பதினோரு செவ்வாய் வரணும். அதுவரைக்கும் பேனாவைத் தொடாத. நீ இங்க எழுதினா, அங்க ஒருத்தி பேப்பர்ல போயி விழும். அவ பாஸாயிடுவா!"

பூவாயி அலறிவிட்டாள். ரஞ்சிதம் வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் பரணில் தூக்கிப் போட்டாள். "ஏன்தான் அந்தப் பல்லைப் புடுங்கினேனோ!" என்று மூன்று நாள் அழுதாள். அந்த வருஷம் எழுதாவிட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். அப்புறம் டீச்சரும் இல்லை, வேலையும் இல்லை.

விஷயம் அவள் அத்தை அஞ்சலாட்சி காதுக்குப் போயிற்று. அஞ்சலாட்சி, புருஷன் செத்த பிறகு பெரிய மார்க்கெட்டில் கறிக்கடையைத் தானே நடத்துகிறவள். கத்தியைக் கழுவி வைத்துவிட்டு நேரே வந்தாள்.

"ஏன்டி ரஞ்சிதம், போன வருஷம் கணக்குல கோட்டை விட்டியே, அப்ப பல்லு வாயிலதானே இருந்துது?"

"ஆமா அத்தை."

"அப்ப புத்தி எங்க போயிருந்துது? லீவா?"

"அண்ணி, சாமி விஷயத்துல வெளையாடாதீங்க," என்றாள் பூவாயி. "கலியமூர்த்தி முசே படிச்சவரு. அவரே நம்புறாரு."

"சரி, எனக்கும்தான் ஒரு பல்லு போச்சு. வர்ற செவ்வாய்க்கெழமை நானும் வர்றேன். நீங்களும் வாங்க."

செவ்வாய்க்கிழமை அஞ்சலாட்சி தாடையைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு, முனகிக்கொண்டே சாமி முன்னால் உட்கார்ந்தாள். நாங்கள் பின்னால் நின்றோம்.

"சாமி... ஏழு வருஷத்துக்கு முன்னாடி புடுங்கினது..."

"தெரியும் தாயே. வலது பக்கம், கீழ்வரிசை."

"ஐயோ, பார்த்த மாதிரியே சொல்றீங்களே!"

பக்கத்தில் நின்ற சிஷ்யர் சங்கை ஊதினார். சாமி அண்டாவுக்குள் கையை விட்டுத் துழாவினார். மேலே எடுத்தபோது உள்ளங்கையில் ஒரு பல். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அஞ்சலாட்சி பல்லை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இது என் பல்லுதானா சாமி? சத்தியமா?"

"கடல் மேல சத்தியம்!"

அவள் துணியை அவிழ்த்தாள். வாயை ஆவென்று திறந்தாள்.

"பூவாயி, எண்ணுடி."

பூவாயி விரலை விட்டு எண்ணினாள். முப்பத்திரண்டு. மறுபடி எண்ணினாள். அதே முப்பத்திரண்டு.

சாமி ஒரு நொடி விழித்தார். ஒரே ஒரு நொடிதான்!

"பார்த்தீங்களா அதிசயத்தை! தொட்ட மாத்திரத்துல பல்லு மொளைச்சுப் போச்சு!"

ஐந்நூறு பேரும் தடாலென்று காலில் விழுந்தார்கள். நானும்தான். முழங்காலில் மணல் ஒட்டியதுதான் மிச்சம்.

அஞ்சலாட்சி இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள். "பல்லு வாயில மொளைச்சிடுச்சுன்னா, என் கையில இருக்குறது யாருதுங்க?"

விழுந்தவர்கள் தலையை மட்டும் தூக்கினார்கள்.

"நானே சொல்றேன். இருபது வருஷமா ஆட்டு வாயைத் தொறந்து பல்லைப் பார்த்து வயசு சொல்றவ நான். இது செம்மறிக் கெடா. ஓரத்தை அராவிச் சின்னதாக்கியிருக்கு. முசே, உங்க கழுத்துல இருக்குறதைக் காட்டுங்க."

கலியமூர்த்தி தயங்கித் தயங்கிச் சங்கிலியை நீட்டினார்.

"உங்களுது வெள்ளாடு முசே. கெழட்டு ஆடு. வேக வெச்சிருந்தா ரெண்டு அடுப்பு வெறகு ஆயிருக்கும்."

முன்வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். கலியமூர்த்திக்கு முகம் கறுத்தது. அன்றைக்குத்தான் அவருக்கு ஏதோ நிஜமாகவே புரிந்தது.

"சந்தேகம் எதுக்கு சாமி," என்றாள் அஞ்சலாட்சி. "ஜிப்பாக் கையைத் தோள் வரைக்கும் சுருட்டிக்கிட்டு இன்னொரு பல்லு எடுங்க. வந்துட்டா நானே உங்க காலைக் கழுவுறேன்."

"கையைச் சுருட்டினா மந்திரம் பலிக்காது!"

"ஏன், மந்திரத்துக்குக் குளிருமா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சாமி எழுந்து நழுவப் பார்த்தார். ரஞ்சிதம்தான் ஓடிப்போய் ஜிப்பாக் கையைப் பிடித்து இழுத்தாள். உள்தையல் பிரிந்தது. பொலபொலவென்று உதிர்ந்தது பல் மழை! அண்டாவுக்குள் டிங் டிங்கென்று விழுந்தது. சிஷ்யர் சங்கை அங்கேயே போட்டுவிட்டுக் கருவடிக்குப்பம் பக்கமாக ஓடியவர், இன்னும் நின்றாரோ இல்லையோ தெரியாது. சாமியை மீன்காரப் பெண்கள் நடுவில் நிறுத்திப் போலீஸ் வரும்வரை காவல் காத்தார்கள். அந்தக் காவலுக்குப் போலீஸே தேவலாம் என்று சாமி கும்பிட்டார்.

பூவாயிக்கு அப்போதும் ஒரு சந்தேகம் மிச்சம்.

"ஏன் அண்ணி, ஒருவேளை எழுதினது அங்க போயிட்டா?"

ரஞ்சிதமே பதில் சொன்னாள். "போவட்டும்மா. அந்த மர்சேய்க்காரிக்குத் தமிழ் தெரியாது. ரெண்டு நாள்தான் இருக்கு, பரணுக்கு ஏணியைப் போடு."

வியாழக்கிழமை எழுதினாள். பாஸானாள். கணக்கில் தட்டுத்தடுமாறித்தான். ஆனால் அந்தத் தடுமாற்றமும் அவள் சொந்தத் தடுமாற்றம்.

பல் பிடுங்கினால் புத்தி போகும் என்று இனி யாராவது வந்தால், அழவேண்டாம், ஐந்தேகால் ரூபாயும் எடுக்கவேண்டாம். ஜிப்பாக் கையைச் சுருட்டச் சொல்லுங்கள். வாய் இருப்பது கேள்வி கேட்பதற்கு. அதற்கு, கடைவாய்ப்பல் நாலும் போனாலும் மிச்சமிருக்கும் இருபத்தெட்டுப் பல்லே தாராளம்.