பெற்றோரிடம் சேரும் வரை பகிரவும்

நாற்பத்து மூன்றாவது அழைப்பு வந்தபோது அன்வர் பாட்சா பல் துலக்கிக்கொண்டிருந்தார். எடுக்காமல் விட்டால் எடுக்கும்வரை அடிக்கும் என்பதை முந்தைய நாற்பத்திரண்டு அழைப்புகள் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தன. நுரையைத் துப்பிவிட்டு எடுத்தார்.

"ஏனுங்க, எருமப்பட்டியிலிருந்து பேசறனுங்க. அந்தப் பையன் உங்ககிட்டத்தான் இருக்கறானுங்களா?"

"எங்கிட்ட இல்லீங்க."

"உங்க நம்பர்தானுங்களே போட்டிருக்குது?"

"நம்பர் மட்டும்தாங்க என்னுது."

"பையன் இல்லாம நம்பரை எதுக்குங்க போட்டீங்க?"

நியாயமான கேள்வி. அன்வர் பாட்சா வாயில் தண்ணீரை ஊற்றிக் களகளவென்று கொப்பளித்து, சிக்னல் சரியில்லாததுபோல் காட்டிவிட்டு வைத்தார்.

பின்னால் மனைவி ரோஷன் பீவி இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள்.

"நேத்துலருந்து பார்க்கறேன். எந்தப் பையனுங்க அது?"

அன்வர் பாட்சாவுக்குச் சேலம் சின்னக்கடை வீதியில் எவர்சில்வர் பாத்திரக் கடை. அது பகல் வேலை. முழுநேர வேலை வாட்ஸ்அப். பதினேழு குழுக்களில் இருந்தார். குடத்துக்கு விலை சொல்லும் முன் வாடிக்கையாளரிடம் போனை நீட்டுவார். இரட்டைத் தலைக் கன்றுக்குட்டி, மனித முகம் கொண்ட மீன், வெண்டைக்காய்ச் சாற்றில் ஓடும் மோட்டார் சைக்கிள், இவையெல்லாம் உலகத்துக்குத் தெரியும் முன்பே அவர் தெருவுக்குத் தெரிந்துவிடும். ஏற்கெனவே ஒருவர் அனுப்பிவிட்ட செய்தியைத் தானும் அனுப்புவது, அவருக்கு அடுத்தவர் எச்சில் தட்டில் சாப்பிடுவதுபோல.

முந்தைய நாள் மதியம் அவருக்கு ஒரு படம் வந்தது. கொஞ்சம் மங்கல். மொட்டைத் தலை, மேலே சட்டை இல்லை, கன்னம் முழுக்கக் கண்ணீர், அண்ணாக்கு தெரிய அழும் ஒரு குழந்தை. கீழே, 'இந்தச் சிறுவன் சேலம் பஸ் ஸ்டாண்டில் தனியாக அழுதுகொண்டிருந்தான். பெற்றோரிடம் சேரும் வரை பகிரவும்' என்று எழுதி ஒரு நம்பர். அன்வர் பாட்சா சரக்கை எண்ணுவதுபோல் அந்த நம்பரை எண்ணினார். ஒன்பது இலக்கம்தான் இருந்தது. மற்றவர்கள் எண்ணாமல் அனுப்பியிருப்பார்கள். அவர் பொறுப்பானவர். அதை அழித்துவிட்டுத் தன் நம்பரைப் போட்டு, பதினேழு குழுவுக்கும் அனுப்பினார்.

"பெத்தவங்க யாராச்சும் கூப்பிட்டா, நான் விசாரிச்சுச் சொல்வேன்ல?" என்றார் மனைவியிடம்.

"யாரை விசாரிப்பீங்க?"

"எனக்கு அனுப்புன ரங்கனை."

"ரங்கனுக்கு யார் அனுப்புனது?"

"அவன் மச்சான்."

"மச்சானுக்கு?"

போன் அடித்தது. இந்த ஒருமுறை அன்வர் பாட்சா நன்றியுடன் எடுத்தார்.

பெற்றவர்களைத் தவிர மற்ற எல்லோரும் கூப்பிட்டார்கள். ஒரு பெண், பையனுக்குக் காலையில் பசும்பால் கொடுக்க வேண்டாம், சளி பிடிக்கும் என்றார். ஒரு தம்பதி, யாரும் வராவிட்டால் தாங்களே வளர்த்துக்கொள்வதாகவும், ஆனால் பையன் இப்படியே அழுவானா என்று முதலில் தெரிய வேண்டும் என்றும் கேட்டார்கள். மேச்சேரிக்காரர் ஒருவர் தன்னுடைய ஆட்டுக்கிடாவும் புதன்கிழமையிலிருந்து காணவில்லை, அதையும் அதே செய்தியில் ஓரமாகச் சேர்த்துப் போட முடியுமா என்றார்.

பத்து மணிக்கு அன்வர் பாட்சா ஒரு முடிவுக்கு வந்தார். ஒரு நாள் ஆகிவிட்டது. இவ்வளவு பேர் பகிர்ந்த பிறகு எந்தப் பிள்ளையும் வீடு போய்ச் சேர்ந்திருக்கும். 'அல்ஹம்துலில்லாஹ், சிறுவன் பெற்றோரிடம் சேர்ந்துவிட்டான். இனி யாரும் பகிர வேண்டாம்' என்று எழுதி அனுப்பினார்.

பத்து நிமிடம் உலகம் அவரைக் கைகூப்பி வணங்கியது. பூங்கொத்துகள் வந்தன. கைதட்டும் பொம்மைகள் வந்தன. பதினோராவது நிமிடத்தில் லாரிக்காரர்கள் குழுவிலிருந்து வீரன் என்பவர் குரல் பதிவு அனுப்பினார்.

"பாட்சா அண்ணே, சந்தோசமுங்க. ஆனா பெத்தவங்களோட பையன் நிக்கற போட்டோ ஒண்ணு போட்டீங்கன்னா மனசு ஆறுமுங்க. இந்தக் காலத்துல யாரை நம்பறதுங்க?"

அதன் கீழே நாற்பது பேர், "ஆமாங்க, போட்டோ போடுங்க" என்றார்கள். ஒருவர், "போட்டோ இல்லைன்னா சந்தேகந்தான்" என்றார். அந்த ஒருவர் அவர் கடையிலேயே பதினைந்து வருடமாகப் பாத்திரம் வாங்குபவர்.

அன்வர் பாட்சா போனுக்குள் தேடினார். ரம்ஜான் அன்று எடுத்த படம் ஒன்று கிடைத்தது. மகள் சபீஹா, மருமகன் அஸாருதீன், நடுவில் மூன்று வயதுப் பேரன் அத்னான். மூவரும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளை கிடைத்த குடும்பம் அப்படித்தானே சிரிக்கும்? அனுப்பிவிட்டார்.

பிள்ளையோடு ஒரு வாரமாகத் தாய்வீட்டில் தங்கியிருந்த சபீஹா, அடுத்த அறையில் அத்னானுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் அவள் வேண்டாம் என்பாள்.

அவர் ஒன்றை மட்டும் கவனிக்கவில்லை. அத்னானுக்குத் தலை நிறைய முடி. காதை மூடிய முடி. நெற்றியில் சுருண்டு விழும் முடி.

முதலில் ஒருவர் கேட்டார்: "நேற்று மொட்டை, இன்று இவ்வளவு முடியா?" இன்னொருவர், "தாய்ப்பாசம் எதையும் செய்யும்" என்றார். மூன்றாமவர் குமாரபாளையத்தில் தைலம் விற்கும் அறிவு என்பவர். அவர் எதுவும் கேட்கவில்லை. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, 'நேற்று – இன்று! இருபத்தோரு மூலிகை! வழுக்கைக்கு விடை கொடுங்கள்!' என்று போட்டு அனுப்பினார்.

அதற்குப் பிறகு வந்த அழைப்புகளில் பையனைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

"என்ன எண்ணெய்ங்க போட்டீங்க?"

"எண்ணெய் எதுவும் இல்லீங்க."

"சொல்லுங்க அண்ணா, எனக்கு அடுத்த மாசம் கல்யாணமுங்க."

"தம்பி, அது வேற பையன், இது வேற பையன்."

"புரியுதுங்க. தொழில் ரகசியம்."

தமிழரசு என்ற, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி முதலாளி திருச்செங்கோட்டிலிருந்து கூப்பிட்டு, தன் தலையின் அளவையே சென்டிமீட்டரில் சொன்னார். எவ்வளவு எண்ணெய் தேவைப்படும் என்று கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டுமாம்.

பன்னிரண்டு மணிக்குச் சம்பந்தியம்மா கௌசியா கூப்பிட்டார். குமாரபாளையத்தில் அவர்களுக்குத் துண்டு நெய்யும் தறிப் பட்டறை. பட்டறையில் பாவு நூல் ஓட்டுகிறவர் ஒருவர் முடிக்காக ஏங்கிய காரணத்தால் அந்த விளம்பரம் பட்டறை முழுக்கச் சுற்றி, கடைசியில் கௌசியாவின் கைக்கு வந்திருந்தது. பின்னணியில் தறிச் சத்தம். அதையும் மீறி அவர் குரல் கேட்டது.

"ஏன் அண்ணே, எங்க பேரன் பஸ் ஸ்டாண்டுல தொலைஞ்சு போனானா?"

"இல்லைம்மா, அது வந்து..."

"பறிகொடுத்துட்டு, திரும்பக் கிடைச்சதையும் ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கீங்க. எங்களுக்கு மட்டும் சொல்லலை."

"அத்னான் தொலையவே இல்லைம்மா. இந்தா, காலை இட்லியையே இன்னும் தின்னுட்டிருக்கான்."

"பிள்ளைக்கு மொட்டை வேற அடிச்சிருக்கீங்க. யாரைக் கேட்டு அடிச்சீங்க?"

"மொட்டை அவனுக்கு இல்லைம்மா."

"என் மகனும் உங்களோட சேர்ந்து சிரிச்சுக்கிட்டுல்ல நிக்கறான்! பெத்த தாய்கிட்ட மறைக்கற அளவுக்கு அவனை மாத்திட்டீங்க. நான் வாரேன். இப்பவே கிளம்பி வாரேன்."

சபீஹா கையில் இட்லித் தட்டுடன் வாசலில் வந்து நின்றாள். அவள் போனிலும் அந்தப் படம் வந்துவிட்டிருந்தது.

"அத்தா, நானும் அவரும் பெத்த பிள்ளையைப் பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டோம்னு எட்டு பேர் என்னைத் திட்டி அனுப்பியிருக்காங்க. அதுல ரெண்டு பேர் என்கூடப் படிச்சவங்க. மாமி இங்க வந்தா நான் என்ன சொல்றது?"

அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் அன்வர் பாட்சா, மகளின் குடும்பத்துக்குள் தானே குழி தோண்டிவிட்டோமே என்று பதறினார். இனி பொய்யே வேண்டாம், உண்மையைச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தார். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு செய்தியை இரண்டு முறை படித்துப் பார்த்து அனுப்பினார்: 'படத்தில் இருப்பது என் பேரன். அவன் தொலையவில்லை. மொட்டைத் தலைச் சிறுவனை நான் பார்த்ததே இல்லை. மன்னிக்கவும்.'

உண்மை, பொய்யைவிட வேகமாகப் பரவியது.

"அப்ப மொட்டைப் பையன் எங்கே?" என்றார் வீரன்.

"ஆளை மாத்திக் காட்டியிருக்கிறார்" என்றார் பாத்திரம் வாங்குபவர்.

அரை மணி நேரத்தில் வேறொரு படம் சுற்ற ஆரம்பித்தது. குக்கர் ஒன்றைத் தூக்கிப் பிடித்தபடி கடை வாசலில் அன்வர் பாட்சா நிற்கும் படம், தீபாவளித் தள்ளுபடிக்காக அவரே எடுத்து அனுப்பியது. இப்போது கீழே, 'சிறுவனை மறைத்து வைத்திருக்கும் நபர் இவர்தான். பிடிபடும் வரை பகிரவும்' என்றிருந்தது. அவர் போன் நம்பரின் பத்து இலக்கமும் சரியாக இருந்தன. ரங்கனே அதை அவருக்கும் அனுப்பியிருந்தார், முகத்தைக்கூடப் பார்க்காமல்.

அடுத்த அழைப்பு காவல் நிலையத்திலிருந்து வந்தது.

ரோஷன் பீவி புர்காவை மாட்டிக்கொண்டாள். "தனியா போகாதீங்க. அங்கயும் போய் எதையாவது அனுப்பி வைப்பீங்க." சபீஹாவும் அத்னானைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். அவர்கள் போய்ச் சேர்ந்த கால் மணி நேரத்தில், விஷயம் கேள்விப்பட்டு, கௌசியாவும் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக அங்கேயே வந்துவிட்டார். பேரனை வாங்கி, தலை முடியை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். அவன் வீறிட்ட பிறகுதான் நம்பினார்.

இன்ஸ்பெக்டர் ஜீவானந்தம் மேஜைக்குப் பின்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். ஓரத்தில் ஒரு பெண் காவலர் நிமிராமல் வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்தாள். சட்டையில் மைதிலி என்று பெயர்.

"பையன் எங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எந்தப் பையன் சார்?"

"மொத்தம் எத்தனை பையன் வச்சிருக்கீங்க?"

"ஒருத்தன்தான் சார். இவன் என் பேரன்."

"இவன் கிடைச்ச பையனா, தொலைஞ்ச பையனா?"

"தொலையாத பையன் சார்."

"எழுதிக்கோம்மா. தொலையாத பையன், ஒண்ணு. அப்ப தொலைஞ்ச பையன்?"

"அவனைப் படத்துலதான் சார் பார்த்தேன்."

"படத்துல பார்த்தவனை எப்படிய்யா பெத்தவங்ககிட்ட ஒப்படைச்சேன்னு போட்டீங்க?"

அன்வர் பாட்சா தலை குனிந்தார். "இன்னேரம் ஒப்படைச்சிருப்பாங்கன்னு ஒரு நம்பிக்கைல..."

"இவரு மேல நானும் ஒரு புகார் கொடுக்கணும் சார்" என்றார் கௌசியா. "எங்க பேரனைத் தைல டப்பாவுல ஒட்டுற அளவுக்குக் கொண்டுவந்துட்டாரு."

"சம்பந்தி, வீட்ல போய்ப் பேசிக்கலாம்" என்று கெஞ்சினாள் ரோஷன் பீவி.

"நீங்களும் அனுப்பினீங்களா?" என்று இன்ஸ்பெக்டர் கௌசியாவைத் திடீரென்று கேட்டார்.

கௌசியா முந்தானையைச் சரிசெய்தார். "மொட்டைப் பையனையா? பாவமேன்னு மூணு குரூப்புக்கு அனுப்பினேன். அதுல என்ன தப்பு?"

இன்ஸ்பெக்டர் மெதுவாகப் பெருமூச்சு விட்டார். "நானே ஆறு குரூப்புக்கு அனுப்பியிருக்கேன். கமிஷனர் ஆபீஸ் குரூப்பு உள்பட. அவங்கதான் இப்ப கேக்கறாங்க, பையனைக் கண்டுபிடிச்சாச்சான்னு. எங்கயோ ஒரு பெத்த வயிறு துடிச்சிட்டிருக்கும்யா."

 அன்வர் பாட்சா பேரனைப் பார்த்தார். ஒரு நாள் முழுக்கத் தன் மானத்தைக் காப்பாற்றவே ஓடினோமே தவிர, அழுத அந்தப் பிள்ளை சாப்பிட்டதா என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லையே.

"சார்," என்றார், "கடையை மூடிட்டு நானும் தேட வாரேன் சார். எந்த ஊருக்கு வேணாலும் வாரேன். அந்தப் பையன் கிடைக்கற வரைக்கும் நான் போனைத் தொடமாட்டேன்."

ரோஷன் பீவியே ஆச்சரியத்தோடு அவரைப் பார்த்தாள்.

இன்ஸ்பெக்டர் எழுந்து தொப்பியை எடுத்தார். "சேலத்துக்கு ஒரு டீம், நாமக்கல்லுக்கு ஒரு டீம். மைதிலி, இந்தாம்மா என் போன். பையன் படத்தை ரெண்டு மாவட்டத்துல எல்லா ஸ்டேஷனுக்கும் அனுப்பு. இன்னும் பாக்கலையா நீ?"

"இல்லைங்க சார். காலைலருந்து எழுதிக்கிட்டேதான் இருக்கறேன்."

மைதிலி போனை வாங்கிப் பார்த்தாள். படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். காதுவரை சிவந்து போனாள்.

"என்னம்மா, தெரிஞ்ச பையனா?"

"சார், அது பையன் இல்லைங்க, நான்தானுங்க. ரெண்டு வயசுல குலசாமி கோயில்ல மொட்டை போட்டப்ப எடுத்ததை, போன வாரம் என் பொறந்தநாளுக்கு எங்க சித்தப்பா குடும்ப குரூப்புல போட்டாருங்க."