அகீகா விருந்தும் கிருமியின் வம்சமும்

பேகம்பூர், திண்டுக்கல்.

கண்ணியத்துக்குரிய சம்பந்தி முகமது பாரூக் அவர்களுக்கு, அப்துல் கையூம் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் நலம் என்று இந்த இடத்தில் எழுதுவது முறை. ஒன்பது பேர் டைபாய்டில் படுத்திருக்கும்போது அதை எழுதக் கை வரவில்லை.

பேரன் நிஹாலுக்கு என் வீட்டில் முடியிறக்கிப் பேர் வைத்த அகீகா விருந்து முடிந்த பத்தாம் நாள் என் மகள் சபிஹாவுக்குக் காய்ச்சல் கண்டது. மறுநாள் உங்கள் வீட்டம்மா ஜீனத், பிறகு என் மனைவி கமர்ஜஹான் என்று ஒன்பது பேர் ஆயிற்று. அதற்காக நீங்கள் போன் போட்டு, "ஏனுங்க சம்பந்தி, இனி உங்க வீட்டுல பச்சத்தண்ணிகூடத் தொடமாட்டோமுங்க. சபிஹாவும் புள்ளையும் எங்க கீரனூரத் தாண்டாதுங்க" என்றீர்களே! அத்தனை கோபத்திலும் 'ங்க' போட்டீர்கள். திட்டு வாங்குகிறேனா, விருந்துக்கு அழைக்கிறீர்களா என்று எனக்குச் செத்த நேரம் புரியவில்லை.

தப்பு என் வீட்டில் இல்லை. நீங்கள் ஆயக்குடியிலிருந்து கொண்டுவந்த இரண்டு பெட்டி கொய்யாவை உங்கள் வீட்டார் கழுவாமல் நறுக்கி வைத்தார்கள், அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. விருந்துக்கு ஆத்தூரிலிருந்து லாரித் தண்ணீர் ஊற்றிய பெருமாள்சாமியைத்தான் சொன்னேன், டீக்கடையில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி. நாலே நாளில் மூன்று தெருக்காரர்கள் அவர் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். அவர் வாசலுக்கு வந்து, "ஏன் பாய், இம்புட்டு வருசமா ஊத்துறேன், கண்ணால பாத்தா சொன்னீக?" என்றார். "ஒம்பது பேரு படுத்துக் கெடக்கிறதைப் பாத்துத்தான் சொல்றேன்" என்று கதவைச் சாத்திவிட்டேன்.

பிறகு சுகாதாரத் துறை டாக்டரம்மா அன்புக்கரசி வந்து நோயாளிகளின் ரத்தம், லாரித் தண்ணீர் எல்லாம் எடுத்தார். "டைபாய்டுக் கிருமின்னா ஒண்ணு இல்ல பாய். பேரு ஒண்ணு, வம்சம் பல. மரபணுவைப் படிச்சா எது எதுக்கு ஒறவுன்னு தெரிஞ்சிரும். இந்த வம்சம் வழக்கமான மாத்திரைக்கு அசையல, அதான் கமர்ஜஹானம்மாவ ஊசிக்கு மாத்திருக்கோம்" என்றார். எனக்கு என் பாட்டனாருக்கு மேலே யார் பேரும் தெரியாது. கிருமிக்கு மட்டும் வம்சாவளி எழுதி வச்சிருக்காங்க! அது போதாதென்று, விருந்து வேலையில் கை வைத்தவர்கள் எல்லோரும் மலம் கொடுக்கணுமாம். அறுபத்து மூணு வயசுல அந்த டப்பாவை மடியில வச்சுக்கிட்டு ஆட்டோவுல போறேன், ஆட்டோக்காரர் திரும்பிப் பாத்து, "என்ன பாய், அல்வாவா?"ங்கிறாரு. எனக்குச் சிரிப்பும் வரல, அழுகையும் வரல.

ஆகையால் நீங்கள் பேசியதற்கு வருத்தம் தெரிவித்து, உடம்பு தேறியதும் சபிஹாவையும் பேரனையும் அனுப்பிவைக்கவும். ஜீனத் அவர்களுக்கு அல்லாஹ் பூரண சுகம் தரட்டும். சின்னவர்களுக்கு என் துஆ.

இப்படிக்கு,
அப்துல் கையூம்

பி.கு.: கவரை ஒட்டுமுன் டாக்டரம்மா போன் பண்ணினாங்க. லாரித் தண்ணியில ஒண்ணுமில்லையாம். ஒம்பது பேர் ரத்தத்துலயும் ஒரே வம்சமாம். அதே வம்சம் என் டப்பாவுலயும் இருக்காம். எப்பவோ வந்த காய்ச்சலோட கிருமி, என்னைப் படுக்கப் போடாம பித்தப்பையில பல வருசமா குடியிருக்காம். அன்னைக்குப் பிரியாணிக்கு வெங்காயத் தயிர் பிசைஞ்சது என் கைதான், சம்பந்தி.

பெருமாள்சாமி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். டீக்கடையிலயும் சொன்னேன், பக்கத்துல இருந்தவரு எந்திரிச்சுப் போயிட்டாரு. மேலே எழுதுனதைக் கிழிச்சிருக்கலாம். நான் யார் யாரைச் சொன்னேன்னு நீங்களும் பாக்கணும்னு அப்படியே அனுப்புறேன். நீங்க வருத்தம் தெரிவிக்க வேணாம். மருந்து முடிஞ்சு, நான் சுத்தம்னு டாக்டரம்மா சொல்ற வரைக்கும் புள்ளைய என் பக்கம் கொண்டுவராதீங்க.

இன்னைக்கு ஆஸ்பத்திரியில கமருக்குக் காய்ச்சல் எறங்கிருச்சு. கஞ்சிய நீங்களே ஊட்டிவிடுங்கன்னு கேட்டா. நர்ஸம்மாகிட்ட கிண்ணத்தைக் காட்டிட்டு வராண்டாவுல வந்து நின்னுக்கிட்டேன்.