தண்ணி வர்ற நேரத்துப் பாட்டு

உறுவையாறு ஊரில் பைப்புக் கடை வைத்திருக்கும் மணிமாறனுக்கு அன்று உலகத்தின் மேலேயே இரக்கம் பொங்கிவிட்டது. போனில் தண்ணீரைப் பற்றி ஒரு வீடியோ பார்த்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டான்.

"ரஞ்சனி! அமெரிக்காக்காரன் வெறும் புல்லுக்கே ஏரித் தண்ணிய ஊத்துறான். ஆப்பிரிக்காவுல ஒருத்தி கொடத்த தூக்கிக்கினு காத தூரம் நடக்குறா. நீ இன்னா பண்ற? வாசல் தெளிக்க ரெண்டு பக்கெட்டு!"

"இனிமே?"

"ஒரு சொம்பு. கரண்டும் அப்பிடித்தான். வீணாக்கக் கூடாது."

"சரிங்க. அப்ப பாத்ரூம் மோட்டார கழட்டிடலாமா?"

மணிமாறனுக்குத் திடீரென்று காது கேட்கவில்லை.

அந்த மோட்டார் கதை தனி. தெருக்குழாய்க்குப் போகும் லைனில் திருட்டுத்தனமாக அதை மாட்டி, அன்னக்கூடையால் மூடி வைத்திருந்தான். தண்ணீர் விடும்போது மொத்தத்தையும் அது உறிஞ்சும். சத்தம் வெளியே கேட்கக்கூடாதே! அதற்காக அதே நேரம் அம்மன் பாட்டை அலறவிடுவான். தெருவில் அவனுக்குப் பக்திமான் என்று பெயர். இந்த வருஷத் தீமிதிக்கு அவன்தான் தலைவர் என்றுகூடப் பேச்சு. பாவம் ரஞ்சனிதான், குழாயடிப் பெண்களின் முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டு கொல்லைப் பக்கமாகவே போய்வந்தாள்.

மறுநாள் காலை தண்ணீர் விட்டார்கள். மோட்டாரைப் போட்டான், பாட்டைப் போட்டான், குழாயடிக்கு வந்தான். தண்ணீர் நூலாக வடிந்தது. குடங்கள் வரிசை கட்டி நின்றன. முதல் ஆளாக நின்ற மணியம்மாளிடம் ஆரம்பித்தான்.

"மணியம்மாக்கா, அமெரிக்காக்காரன் புல்லுக்கு ஊத்துறான், ஆப்பிரிக்காக்காரி கொடத்தோட நடக்குறா. உலகத்துல தண்ணிக்குப் பஞ்சமே இல்ல. பங்குலதான் கோளாறு. ஒருத்தனே எல்லாத்தையும் உறிஞ்சிட்டா..."

பாட்டு சட்டென்று நின்றது.

அவன் வீட்டுக்குள்ளிருந்து 'உர்ர்ர்' என்று ஒரு உறுமல். மணிமாறன் இருமினான். உறுமல் நிற்கவில்லை. விட்ட இடத்திலிருந்து அம்மன் பாட்டைத் தானே பாடிப் பார்த்தான். இரண்டாவது அடியில் குரல் கிழிந்தது.

ரஞ்சனி சொம்போடு வாசலுக்கு வந்தாள். "கரண்ட வீணாக்காதன்னீங்களே, பாட்ட நிறுத்திட்டேன். மோட்டாரு ஒங்க சாமான். நான் தொடல."

மணிமாறனுக்குக் காதுவரை சுட்டது. கால் கட்டைவிரலால் தரையைக் கீறிக்கொண்டு நின்றான்.

மணியம்மாள் காலிக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவன் வீட்டைப் பார்த்து நடந்தாள். வரிசையும் பின்னாலேயே கிளம்பியது. ரஞ்சனி கேட்டை அகலத் திறந்தாள்.

"நவுரு தம்பி" என்றாள் மணியம்மாள். "அமெரிக்காவுல தண்ணி மொள்ள ஆப்பிரிக்கா வந்திருக்கு."